வைஃபை ஸ்லோவா? தங்கச்சியைத் திட்டாதீங்க

2021 மே மாசம் எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் மாறியது. மாத்தினது நான். தங்கச்சிக்குச் சொல்லாமல் மாத்தினேன்.

அப்போ நான் கெம்பஸ் ரெண்டாம் வருஷம். கொரோனாவால் ஹொஸ்டலை மூடிட்டாங்க, லெக்சர் எல்லாம் சூம்ல. தங்கச்சி ஏ.எல். படிக்கிறா, அவளுக்கும் டியூஷன் சூம்ல. வீட்டுல இருந்தது ஒரே ஒரு ஃபோர்ஜி ரவுட்டர். என் லெக்சர் நடுவுல சேர் வாய் திறந்தபடி உறைஞ்சு நிப்பார். மாசம் 20ஆம் திகதிக்குள்ள டேட்டா முடிஞ்சிடும். காரணம் யாருன்னு எனக்கு சந்தேகமே இல்லை. "கிளாஸ்னு சொல்லிட்டு டிக்டொக் பாக்குற"ன்னு கத்தினேன். "இல்லண்ணே"ன்னா. நான் நம்பலை. அன்னைக்கு ராத்திரியே பாஸ்வேர்டை மாத்திட்டேன்.

மறுநாள் அவ அப்பாவோட ஃபோனையும் குடையையும் எடுத்துக்கிட்டு கொழுந்து மலைக்கு ஏறிப் போனா. மேல ஒரு பெரிய கல்லு இருக்கு, அங்க நின்னா எதிர் மலை டவர் நேரா தெரியும். மே மாசம் எங்க பக்கம் மழை எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ரெண்டு மணிநேரம் கழிச்சு வந்து இஸ்தோப்புல உக்காந்து கால்ல இருந்த அட்டைகளைப் பிடுங்கினா. ரத்தம் நிக்கலை. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

அவ மலை மேல இருந்த அந்த ரெண்டு மணிநேரமும் என் லெப்டொப் அதே மாதிரிதான் ஊர்ந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

பொல்பிட்டியவைத் தெரியாதவங்களுக்கு: சிங்களத்துல 'பொல்' என்றால் தேங்காய். ஆனா இந்த ஊரை வெளியே தெரிய வச்சது தேங்காய் இல்லை, கரண்ட். லக்ஷபான நீர்மின் தொகுதியின் ஒரு படி எங்க ஊர் பவர்ஹவுஸ். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள்ல இருந்து இறங்குற தண்ணி வழியில ஒவ்வொரு மின்நிலையமா சுழற்றிட்டு அப்புறம் இங்க வருது. 1969ல இருந்து ஓடுது. இந்த மலை ஓடைகள்ல இருந்து மின்சாரம் எடுக்கலாம்னு பொறியியலாளர் விமலசுரேந்திர 1918லேயே கட்டுரை வாசிச்சுட்டார். பள்ளத்தாக்குல ஊர், நாலு பக்கமும் மலை, தலைக்கு மேல 132 கிலோவோல்ட் கம்பிகள்.

அதனால நெட் ஸ்லோன்னா எங்க லயத்துல முதல் குற்றவாளி அந்தக் கம்பிதான். "பெரிய கம்பி சிக்னலை இழுத்துருது"ன்னு அப்பா சொல்லுவார். அம்மாவுக்கு மழைதான் காரணம். ரெண்டையும் தேடிப் படிச்சேன். கம்பியில ஓடுற கரண்ட் செக்கனுக்கு 50 தடவை அலையுது. வைஃபை அலையோ செக்கனுக்கு 240 கோடி தடவை. கம்பியில இருந்து கசியுற இரைச்சல் பழைய ஏ.எம். ரேடியோவுல கரகரன்னு கேட்கும், வைஃபை வரைக்கும் அது எட்டாது. கம்பிக்கு விடுதலை. அம்மாவோட மழையில பாதி உண்மை இருக்கு. டிஷ் டிவியை மழை கெடுக்கும், ஏன்னா அதோட அலை ரொம்பச் சின்னது. வீட்டுக்கு வர்ற ஃபோர்ஜி அலையை மழைத்துளி பெருசா ஒண்ணும் பண்றதில்லை. ஆனா டவருக்கும் டவருக்கும் நடுவுல இருக்கிற மைக்ரோவேவ் இணைப்பு அடைமழையில தள்ளாடலாம். அதோட மழைன்னா எல்லாரும் வீட்டுல, எல்லார் கையிலும் ஃபோன், ஒரே டவர். அம்மாகிட்ட பாதி மார்க்னு சொன்னேன். அவங்களுக்கு அதுல திருப்தியில்லை.

சரி, யாரைப் பிடிக்கிறது? என் பேட்ச்ல கம்பியூட்டர் படிக்கிற நண்பன் ஒருத்தன் ஃபோன்ல ஒரு விஷயம் சொன்னான். "மச்சான், வைஃபை ஸ்லோன்னு ஒண்ணு கிடையாது. லெப்டொப்ல இருந்து ரவுட்டர் ஒரு துண்டு. ரவுட்டர்ல இருந்து டவர் இன்னொரு துண்டு. டவருக்கு அங்கால மூணாவது. எந்தத் துண்டு ஸ்லோன்னு பார்க்காம எதையும் தொடாதே." நான் அதுவரைக்கும் செஞ்சதெல்லாம் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்றதும் தங்கச்சியைக் கத்துறதும்தான்.

அவன் சொன்னபடி செஞ்சேன். லெப்டொப்பை முழுசா மூடிட்டு ஃபோனை ரவுட்டர் பக்கத்துல வச்சு ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். 9 எம்பிபிஎஸ். அப்படின்னா டவர் பக்கம் பிழையில்லை, ரெண்டு சூமுக்கு அது தாராளம். அடுத்து ரவுட்டர் பெட்டியில சும்மா கிடந்த நீலக் கேபிளை லெப்டொப்ல குத்தினேன். கேபிள்ல வேகமா வந்தா கோளாறு வைஃபையில. கேபிள்லயும் ஸ்லோன்னா வைஃபை பாவம், வேற எங்கயோ இருக்கு. இந்த ஒரு சோதனைக்கு அஞ்சு நிமிஷம் போதும். நான் ரெண்டு மாசமா செய்யலை.

கேபிள்ல 1.2 வந்தது.

லெப்டொப் ஓன்ல இருக்கும்போதே ஃபோன்ல திரும்பப் போட்டேன். அதுவும் 1.2க்கு விழுந்துடுச்சு. லெப்டொப்பை மூடினா 9, திறந்தா 1. எங்க வீட்டு நெட்டைத் தின்னது என் லெப்டொப். டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் பத்தியை அழுத்தினேன். அதிகமா இழுக்கிற புரோகிராம் மேல வந்து நிக்கும். நின்னது கிளவுட்ல படங்களைச் சேமிக்கிற புரோகிராம். அதுக்குக் கீழே விண்டோஸ் அப்டேட்.

ஏப்ரல்ல பேட்ச் ட்ரிப் போன படமும் வீடியோவுமா 14 ஜிபி லெப்டொப்ல கொப்பி பண்ணியிருந்தேன். அதை யாரும் கேட்காமலேயே அது மேல ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. கணக்கு போட்டுப் பார்த்தேன். 14 ஜிபின்னா 1,12,000 மெகாபிட். எங்களுக்கு மேல போற வேகம் கிட்டத்தட்ட 1 எம்பிபிஎஸ்தான். 1,12,000 செக்கன், அதாவது 31 மணிநேரம். நான் லெப்டொப் திறக்கிறது நாளுக்கு நாலஞ்சு மணிநேரம். ஒரு வாரம் ஓடும். அது முடியுறதுக்குள்ள நான் இன்னும் எதையாவது போட்டிருப்பேன். (எம்பிபிஎஸ்ல இருக்கிற 'பி' பிட், ஃபைல் அளவுல இருக்கிற 'பி' பைட், அதைவிட எட்டு மடங்கு. 10 எம்பிபிஎஸ் பேக்கேஜ்ல 10 எம்பி பாட்டு ஒரு செக்கன்ல வரலைன்னு சண்டை பிடிக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன். நானும் பிடிச்சிருக்கேன்.)

மேல ஏத்துறதுக்கும் கீழ இறக்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். நானும் கேட்டேன். வீடியோவோட ஒவ்வொரு துண்டும் வந்து சேர்றப்போ "கிடைச்சுது"ன்னு ஒரு சின்னத் துண்டு மேல போகணும். அது போகலைன்னா அங்கால இருந்து அடுத்தது வேகமா வராது. எங்க தோட்டத்து ரோட்டை நினைச்சுக்கங்க. கொழுந்து லொறி ஏழெட்டு வரிசையா நின்னா, கடிதம் கொண்டு போற சைக்கிளும் பின்னாலதான் நிக்கணும். கடிதம் சின்னதுதான், ஆனா ரோட்டுல இடமில்லை. சூம்ல இன்னும் மோசம், உங்க குரலும் முகமும் அதே ரோட்டாலதான் போகணும். தங்கச்சி கிளாஸ்ல பேசினா ஸேருக்குக் கேட்கலைன்னு அழுததுக்கு இதுதான் காரணம். மாசக் கடைசிக்கு முன்னாடியே டேட்டா முடிஞ்சதுக்கும் இதுதான். ஏத்துறதும் பேக்கேஜ்ல கழியும்.

இன்னொண்ணும் அப்போதான் உறைச்சது. 2020 முதல் லொக்டவுன்ல பல்கலைக்கழக மாணவர்கள் 'லேர்ன்' வலையமைப்பு வழியா டேட்டா காசு இல்லாம சூம் லெக்சர் பார்க்க வழி செஞ்சாங்க. நான் அதை அனுபவிச்சேன். டியூஷன் சூமுக்கு அப்படி எதுவும் இல்லை. தங்கச்சி கிளாஸ் ஒவ்வொண்ணும் எம்பி கணக்கு பார்த்துப் போனது. அவளைத்தான் நான் திருடின்னு சொன்னேன்.

படப் புரோகிராமை நிறுத்தினேன். விண்டோஸ் செட்டிங்ஸ்ல வைஃபை பேருக்குள்ள போனா 'மீட்டர்ட் கனெக்ஷன்'னு ஒரு பொத்தான் இருக்கும். அதை ஓன் பண்ணினா விண்டோஸ் பெரிய அப்டேட்களைத் தானா இறக்காது. ஜிபி எண்ணி வாழுற நம்ம வீடுகள்ல அது எப்பவும் ஓன்ல இருக்கட்டும். வசதி கிடைக்கிற நாள்ல மறக்காம அப்டேட் பண்ணிக்குங்க.

இப்ப கேபிள்ல 9 வந்தது. கேபிளைக் கழட்டி என் கட்டிலுக்குப் போனா 2. ஓ, வைஃபையிலயும் கோளாறு இருக்கா!

இருந்தது. ரவுட்டர் டிவிக்குப் பின்னால. அதுக்கும் என் கட்டிலுக்கும் நடுவுல இரும்பு அலுமாரி, அப்புறம் அந்தக் காலத்துக் கல் சுவர். மேல தகரம். ரேடியோ அலை இரும்பைத் தாண்டாது, பட்டுத் திரும்பும். அம்மாவோட கல்யாண அலுமாரியை நகர்த்த அனுமதியில்லை. அதனால ரவுட்டரை எடுத்து இஸ்தோப்பு ஜன்னல்ல, டவர் இருக்கிற திசையில உயரத்துல வச்சேன். ரவுட்டரோட பக்கத்துல சிக்னல் எண் மைனஸ்ல காட்டும். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. டிவிக்குப் பின்னால மைனஸ் 112, ஜன்னல்ல மைனஸ் 99. ஒரே வீடு, பத்தடி தூரம்.

அடுத்து சேனல். வைஃபை ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் லைசன்ஸ் இல்லாத பட்டை. புளூடூத்தும் அங்கதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான். அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான்: 1, 6, 11. லயத்துல காம்பராவுக்குக் காம்பரா ஒரு சுவர்தான். ஃபோன்ல வைஃபை அனலைசர் போட்டுப் பார்த்தா பக்கத்துல மூணு ரவுட்டரும் 6ல கத்திக்கிட்டு இருந்தது. நான் 11க்குப் போனேன். 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தா நெரிசல் குறைவு, வேகம் கூட, ஆனா சுவரைத் தாண்டுறது கஷ்டம். என் செக்கன்ட்ஹேண்ட் லெப்டொப்புக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, 2.4 மட்டும்தான். கடைசியா, பேட்டரியில ஓடும்போது வைஃபை கார்டை அரைத்தூக்கத்துல வைக்கிற பவர் சேவிங்கையும் எடுத்துவிட்டேன். கட்டில்ல 7 வந்தது. அதுக்கு மேல எனக்குத் தேவையில்லை.

அன்னைக்கு ராத்திரி பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன். தங்கச்சி ஃபோன் தானாவே கனெக்ட் ஆகியிருக்கும். அவ பார்த்தா, ஒண்ணும் கேட்கலை. நானும் சொல்லலை. என்ன சொல்றது, 14 ஜிபி ட்ரிப் படம்னா?

அவளோட பரீட்சை தள்ளித் தள்ளி 2022 பெப்ரவரியில நடந்தது. எழுதி முடிச்ச மாசமே நாட்டுல கரண்ட் இல்லாம போச்சு. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கட். பவர்ஹவுஸுக்குப் பக்கத்துல குப்பி விளக்கு. டவர் பேட்டரி செத்ததும் சிக்னலும் போயிடும். அப்போ யாரும் யாரையும் குறை சொல்லலை.

இப்ப அவ கொழும்புல போர்டிங்ல இருந்து வேலைக்குப் போறா. போன வாரம் கோல் எடுத்தா.

"அண்ணே, இங்க வைஃபை சரியான ஸ்லோ. ரூம்ல நாலு பேர் இருக்கோம்."

"கேபிள் இருக்கா? முதல்ல கேபிள்ல போட்டுப் பாரு."

"அதெல்லாம் பார்த்தாச்சு. எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டுல நீ என்ன பண்ணினேன்னு அன்னைக்கே டாஸ்க் மேனேஜர்ல பார்த்தேன்."

"எப்போ?"

"நீ குளிக்கப் போனப்போ. ட்ரிப் படமெல்லாம் நல்லா இருந்துச்சு."