நிலம் ஆடிய ஊரில் பேறுகாலம்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்னால் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.8. உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். அவர்களில் 3,400-க்கும் மேற்பட்டோர் சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் அங்கே ஊர் ஊராகச் சரிந்து கிடந்தன. பேறுகால மருத்துவராக ஒரு தன்னார்வக் குழுவோடு அந்த மாவட்டத்துக்குப் போனேன்.

நிவாரணப் பணியில் ஒரு கணக்கு உண்டு. எந்த மக்கள்திரளை எடுத்தாலும் நூற்றுக்கு நான்கு பேர் கர்ப்பிணிகளாக இருப்பார்கள், அவர்களில் 15 சதவீதத்தினருக்குச் சிக்கல் வரும் என்று வைத்துக்கொண்டுதான் மருந்துகளைத் திட்டமிடுவார்கள். பூகம்பம் வந்தது என்பதற்காக இந்தக் கணக்கு மாறாது. காயம்பட்டு வருகிறவர்களின் வரிசை சில வாரங்களில் குறைந்துவிடும். இடுப்பு வலியோடு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

காத்மாண்டுவிலிருந்து துலிகேல் வழியாக மலையேறி, மாவட்டத் தலைநகரான சௌதாராவையும் தாண்டிப் போனால் நாங்கள் தங்கிய ஊர். சுகாதார நிலையத்தில் நின்றது முன்சுவர் மட்டும். அதற்கு எதிரே, அறுவடை முடிந்த வயலில் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதுதான் பிரசவ அறை. இடிபாட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்த இரும்புக் கட்டிலுக்கு ஒரு கால் வளைந்திருந்தது; தட்டைக் கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைசல். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் பிரஷர் குக்கர். கத்தரியும் கவ்விகளும் அதில்தான் வெந்தன.

அந்த அறையை நடத்தியவர் ஓர் ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியரும் மருத்துவச்சியுமானவர். 18 மாதப் படிப்பு. அதன்பின் பிரசவம் பார்ப்பதற்கென்று அரசு தரும் இரண்டு மாதச் சிறப்புப் பயிற்சி. ஊர்ப் பெண்களுக்கு அவர் தீதி, அதாவது அக்கா. அவருடைய வீடும் விழுந்திருந்தது. பிள்ளைகள் இருவரையும் அதே தார்ப்பாயின் பின்மறைப்பில் படுக்க வைத்துவிட்டு இரவும் பகலும் வேலை பார்த்தார். அங்கே பிரசவம் அவர் பொறுப்பு. நான் துணைக்கு நின்றேன்.

மழை பெய்த ஓர் இரவில் தமாங் இனத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். மூங்கில் கூடையான டோக்கோவில் அவளை உட்கார வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமந்து வந்திருந்தார் கொழுந்தன். தீதி அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, மறுகையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று கணக்கெடுத்தார். பிறகு மரக்குழலை வயிற்றில் பதித்து, காதை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணினார். தார்ப்பாயின் மேல் விழுந்த மழைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் நிதானமாக எண்ணி முடித்து, "நல்லா இருக்கு டாக்டர்" என்றார்.

கட்டிலில் படுக்க அந்தப் பெண் மறுத்தாள். மே 12 அன்று மீண்டும் 7.3 அளவில் ஆடியதிலிருந்து தரையை விட்டு உயரமான எதிலும் படுக்க அங்கே பலருக்கும் பயம். தீதி வற்புறுத்தவில்லை. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மாமியாரை முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து, மருமகளை அவர்மேல் சாய்ந்து குந்த வைத்தார். தலை தெரியத் தொடங்கிய நேரத்தில் நிலம் லேசாக நடுங்கியது. தொங்கவிட்ட டார்ச் ஆடியது. தீதி ஒரு கையை எடுத்து அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தார். மறுகை குழந்தையின் தலையை விட்டு நகரவில்லை.

பெண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை. துணியால் அழுந்தத் துடைத்து முதுகைத் தேய்த்ததும் முனகியது, பின் வீறிட்டது. துடைத்த ஈரத்துணியை உடனே அப்புறப்படுத்தி, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கவிழ்த்து, இருவருக்கும் சேர்த்துக் கம்பளி போர்த்தினார். மலையூரில் மழையிரவில் பிறந்த சிசுவுக்கு முதல் எதிரி குளிர். இன்குபேட்டர் இல்லாத இடத்தில் தாயின் உடம்புச் சூட்டுக்கு ஈடான மருந்து கிடையாது.

அடுத்து வருவது தாய்க்கு ஆபத்தான நேரம். ரத்தப்போக்கைத் தடுக்க வழக்கமாக ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம். குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்து அது. மின்சாரம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டு உறுதி செய்துகொண்டு, மூன்று மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளைத் தீதி விழுங்கக் கொடுத்தார். இவற்றுக்குக் குளிர்பதனமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வீட்டில் பிரசவிக்கும் பெண்களுக்காக நேபாளம் முன்பே ஊர்களுக்குக் கொண்டுசேர்த்த மாத்திரை, பேரிடரில் கைகொடுத்தது.

தொப்புள்கொடியை அங்கே காசின் மேல் வைத்து அறுப்பது பழைய வழக்கம். அதை மதித்து, நேபாளத்தின் பிரசவப் பொட்டலத்தில் சோப்பு, பிளேடு, கட்டும் நூல், விரிப்பு ஆகியவற்றோடு காசு போன்ற ஒரு பிளாஸ்டிக் வில்லையும் வைத்திருந்தார்கள். மாமியார் அதைத் தானே எடுத்து நீட்டினார். அறுத்த கொடியில் 'கவச்' என்ற குளோர்ஹெக்சிடின் களிம்பைத் தீதி தடவினார். இந்தக் களிம்பு பிஞ்சு உயிர்களைக் காக்கிறது என்பதற்கான முக்கியமான ஆய்வு நடந்ததே நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில்தான். 2006-இல் அது வெளியானது.

எல்லா இரவும் இப்படி முடியவில்லை. ரத்த அழுத்தம் ஏறி வலிப்போடு வந்த ஒரு பெண்ணுக்கு மெக்னீசியம் சல்பேட் போட்டு, மண் சரிந்த பாதையில் நான்கு பேர் தோளில் தூக்கி, சௌதாராவில் நார்வே செஞ்சிலுவைச் சங்கம் அமைத்திருந்த கூடார மருத்துவமனைக்கு அனுப்பினோம். தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. பாதை திறந்திருந்தால் இருவரும் பிழைத்திருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

அந்தப் பெண் எங்களிடம் வந்துசேர்ந்ததற்கே காரணம் ஊரின் சுகாதாரத் தன்னார்வலர். இந்தத் தன்னார்வலர் திட்டம் நேபாளத்தில் 1988-இல் தொடங்கியது. அப்போது நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சம்பளமின்றி அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். வீடுகள் விழுந்த பிறகு அந்த அம்மா கூடாரம் கூடாரமாக நடந்து, யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று நோட்டில் குறித்து வந்தார். எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் அந்த நோட்டுக்கு நிகராகாது.

நேபாளத்தில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 539 தாய்மார் இறந்ததாக 1996-இல் கணக்கிட்டார்கள். 2016-இல் அது 239. இடையில் ஒரு பூகம்பம் வந்தும் அந்த நாடு இந்த இறக்கத்தைக் கண்டது என்றால், அதில் இந்தப் பெண்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டடம் விழுந்தாலும் கைப்பழக்கம் விழவில்லை.

பேரிடர்ப் பகுதிக்குப் போகும் முதல் லாரியில் அரிசியோடும் தார்ப்பாயோடும் பிரசவப் பொட்டலங்களும், மிசோப்ரோஸ்டாலும், மெக்னீசியம் சல்பேட்டும், டார்ச் விளக்குகளும், மறைப்புத் துணியும் ஏற வேண்டும். முதல் கூடாரங்களில் ஒன்று பிரசவம் பார்ப்பவரின் குடும்பத்துக்குப் போக வேண்டும். அவர் நிம்மதியாகத் தூங்கினால்தான் ஊர் பிழைக்கும். போகிற மருத்துவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இறங்கியதும், இந்த ஊரில் பிரசவம் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். அவரைத் தேடிப் போய், என்ன வேண்டும் என்று கேட்டு, அவர் பக்கத்தில் நில்லுங்கள். நாம் ஊர் திரும்பிய பிறகும் வலி எடுத்தவர்கள் அவரிடம்தான் போவார்கள்.