கோட்கரில் பிறந்த சித்திரை

தில்லியில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். இரண்டு இரவுகளை ரயிலில் கழித்து, உற்றார் உறவினரைக் கண்டு, ஊறுகாய் ஜாடிகளோடு திரும்புவது வழக்கம். ஆனால் எல்லோருக்கும் ஊரில் நிலமும் வீடும் இன்றும் இருக்கின்றனவா? எங்கள் குடும்பத்துக்குக் காவிரிக் கரையில் இருந்த சிறு நிலம் என் தந்தையார் காலத்திலேயே கைமாறிவிட்டது. என் மக்கள் இருவரும் அரிசியைக் கடையில் கண்டிருக்கிறார்களேயன்றி வயலில் கண்டதில்லை. பயிர் செய்வோர் வீட்டில் சில நாட்களேனும் அவர்களைத் தங்க வைக்க வேண்டும் என்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. சென்ற ஏப்ரல் மாதம் அது கைகூடிற்று.

கால்கா வரை பெரிய ரயில்; அங்கிருந்து சிம்லாவுக்குச் சின்ன ரயில். 1903-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த 96 கிலோமீட்டர் பாதையில் நூறு சுரங்கங்களுக்கு மேல் உண்டு. எண்ணத் தொடங்கிய என் மகன் நாற்பதாவது சுரங்கத்தில் உறங்கிவிட்டான். சிம்லாவிலிருந்து மோட்டாரில் தியோக், நார்கண்டா வழியாகச் சென்று, மாலையில் கோட்கர்ப் பகுதியிலுள்ள தானேதாரை அடைந்தோம். கீழே வெகு ஆழத்தில் சட்லெஜ் நதி. சரிவெங்கும் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஆப்பிள் பூக்கள்.

இப்பகுதியின் செல்வத்துக்கு வித்திட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர். 1904-இல் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய இந்தியாவுக்கு வந்த அவர், இம்மலையிலேயே மணம் புரிந்து குடியேறினார். 1916-இல் தம் நாட்டிலிருந்து நல்ல ஆப்பிள் கன்றுகளை வருவித்து நட்டார். மலைமக்களை வருத்திய ‘பேகார்’ என்னும் கட்டாய உழைப்பை எதிர்த்துப் போராடினார். 1921-இல் விடுதலைப் போரில் சிறை புகுந்தார். பின்னர் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டார். வந்த இடத்தையே சொந்த இடமாக்கிக்கொண்ட அவர் வரலாறு, நம்மைப் போன்றோர் அறிய வேண்டியதன்றோ?

நாங்கள் தங்கிய வீட்டில் முதிய தம்பதியர் இருவரே. அவர்களுடைய ஒரே மகன் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறார். என் மக்கள் அப்பெரியவரைத் ‘தாதாஜி’ என்று அழைத்துக்கொண்டு தோட்டமெல்லாம் பின்தொடர்ந்தனர். சிவப்பு ஆப்பிள் மரம் தன் வகைப் பூவின் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. வேறு வகையின் மகரந்தம் வேண்டும். அதற்காக வாடகைக்குத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வேறு வகை மரத்தின் பூங்கொம்புகளை ஒடித்து, நீர் நிரப்பிய பாட்டில்களில் இட்டு, மரந்தோறும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நீர் வற்றிய பாட்டில்களை நிரப்பும் பணி என் மகளுக்கு வாய்த்தது.

மூன்றாம் நாள் இரவு தகரக் கூரை திடீரென்று அதிர்ந்தது. ஆலங்கட்டி மழை! தேனீக்கள் தடையின்றி வருவதற்காக வலைகளை இன்னும் விரிக்கவில்லை. பெரியவர் வாயிற்படியில் வாய் திறவாமல் நின்றார். ஓராண்டின் வருவாய் முழுவதும் அந்தக் கிளைகளில் அல்லவா இருந்தது! கால் மணி நேரத்தில் மழை ஓய்ந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு சென்றோம். தரையெல்லாம் பூ. என் மகள் விம்மி அழுதாள். பெரியவர் அவள் தலையைத் தடவி, “அழாதே, பேட்டி. நூறு பூவில் ஐந்து பத்து நின்று காய்த்தாலே மரத்துக்குப் போதும். எது நின்றது என்று காலையில் பார்ப்போம்” என்றார். ஆனால் அவர் அன்றிரவு உறங்கவில்லை. முற்றத்தில் அவருடைய காலடி ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்தால் சித்திரை முதல் நாள். அவர்களுக்கும் அந்நாளே வைசாகிப் பண்டிகை. துக்க வீடு போலிருக்கும் இடத்தில் விருந்து சமைப்பதா என்று என் மனைவி தயங்கினாள். வீட்டு அம்மாளோ, “நாள் நாள்தான்; அடுப்பை மூட்டு, மகளே” என்று சொல்லி, தாமும் நெய் வழியும் ‘சித்து’ அவிக்க அமர்ந்தார். நாங்கள் எடுத்துச் சென்றிருந்த வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் பச்சடியாயின. அதன் பொருளை மகள் இந்தியில் விளக்கினாள். பெரியவர் ஒரு கரண்டி உண்டு முகம் சுளித்தார். பின்பு, “நேற்று இரவே எனக்கு இதைப் பரிமாறிவிட்டார்கள்” என்று கூறி வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகே எல்லோரும் தோட்டத்துக்குள் இறங்கினோம். மேற்சரிவு பெரிதும் உதிர்ந்திருந்தது, கீழ்ச்சரிவு தப்பியிருந்தது. தேனீக்கள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன.

ஆகஸ்டு மாதத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான விளைச்சலில் பாதிக்குச் சற்று மேல் தேறிற்றாம். கடையில் ஆப்பிள் விலை ஏறிவிட்டது என்று நான் ஒருநாள் முணுமுணுத்தபோது, “அப்பா, அங்கே கல்மழை பெய்திருக்கும்” என்றான் என் மகன். நிலமில்லாத வீட்டுப் பிள்ளை சொன்ன அச்சொல்லே அந்தப் பிரயாணத்தின் பயன் என்று கருதுகிறேன். நேயர்களே, ஊர் செல்ல இயலாத ஆண்டில் ஏதேனும் ஓர் உழவர் வீட்டில் நான்கு நாள் தங்கிப் பாருங்கள். சித்திரை பிறக்கும் சமயமாயின், வேப்பம்பூவை மறவாது எடுத்துச் செல்லுங்கள்.