கணையமும் மரபணுக் கத்தரிக்கோலும்

இருதயம் எங்கே இருக்கிறது என்றால் சின்னக் குழந்தைகூட நெஞ்சைத் தொட்டுக் காட்டும். கணையம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், நம்மில் பல பேர் விழிப்போம்! இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் படுத்திருக்கும் உறுப்பு அது. சாப்பிட்டது செரிக்க நீர் சுரப்பதும், ரத்தத்தில் சர்க்கரையை அடக்கிவைக்க இன்சுலின் தருவதும் அதுதான். ஆழத்தில் ஒளிந்திருப்பதால், அதில் புற்றுநோய் வந்தால் வெளியே தெரியவே நாளாகிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவருக்கு இந்த நோய் என்று தெரிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஜீனையே வெட்டித் திருத்துற வைத்தியம் வந்திருக்காம். செல்போன்ல வந்துச்சு. பணம் கட்டினா உடனே ஆரம்பிச்சுடலாம்கிறாங்க. மூணு மா நிலத்தை வித்துடலாமான்னு பாக்குறோம்" என்றார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு நெல் விளைவது அதில்தான்.

"ரெண்டு நாள் பொறுங்கக்கா" என்று சொல்லி, அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் இருவருமாகப் போனோம். அங்கே கேட்டதையும் பிறகு நான் படித்ததையும் உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

ஜீனை வெட்டித் திருத்துவது கட்டுக்கதை அல்ல. உயிரணுவுக்குள் இருக்கும் மரபணு எழுத்துகளில் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடித்துக் கத்தரிக்கும் 'கிரிஸ்பர்' என்ற முறையை 2012-ல் ஜெனிபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பெந்தியே என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் விளக்கிக் காட்டினார்கள். 2020-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கம் பிபிடி என்று நடுகிறோமே, அந்தச் சம்பா மசூரியை இதே முறையில் திருத்தி 'கமலா' என்ற ரகத்தை ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அதை அறிவித்தது. மனிதர்களிலோ, அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய்க்கு இந்தச் சிகிச்சையை 2023-ல் பிரிட்டன் அனுமதித்தது.

அப்படியானால் கணையப் புற்றுநோய்க்கு மட்டும் ஏன் இல்லை?

இந்த நோயாளிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் 'கேராஸ்' என்ற மரபணு கெட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்துப் பிழைதான்! வயலில் களை எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நெற்பயிரைப் போலவே தலை நீட்டும் புல்லைப் பழகிய கைதான் இனம் பிரிக்கும். ஒரே எழுத்து வித்தியாசத்தைப் பார்த்து வெட்ட வேண்டிய கத்தரிக்கோலுக்கும் அதே சங்கடம். ரத்த நோயில், ரத்தத்தை உண்டாக்கும் உயிரணுக்களை வெளியே எடுத்து, திருத்தி, சோதித்து, மறுபடி உள்ளே செலுத்துகிறார்கள். கணையக் கட்டியை அப்படிச் செய்ய முடியாது. உடம்புக்குள்ளேயே கோடிக்கணக்கான உயிரணுக்களை எட்ட வேண்டும். கட்டியைச் சுற்றியோ, மருந்தே நுழையத் திணறும் கெட்டியான நார்த்திசு. நாலு களை தப்பினாலும் வயல் மறுபடி நிரம்பிவிடுமே!

ஆகையால் இந்த நோயைப் பொறுத்தவரை, கத்தரிக்கோலுக்கு இன்று பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் வேலை. புற்றுநோய் உயிரணுவில் ஒவ்வொரு மரபணுவாக வெட்டிப் பார்த்து, எது போனால் அது பிழைக்காது என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அந்த இடத்தைத் தாக்க மருந்து தேடுகிறார்கள். நோயாளியின் வெள்ளை அணுக்களை எடுத்துத் திருத்தி, புற்றோடு போராட அனுப்பும் முயற்சியும் உண்டு. 2016-ல் சீனாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அப்படித் தொடங்கினார்கள். நம்பிக்கை தரும் வேலைதான். ஆனால் கணையப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இன்னும் எங்கும் இல்லை.

"நிஜமான சோதனைன்னா இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும். பதிவு எண்ணைக் கேளுங்க. சோதனை மருந்துக்கு நோயாளிகிட்ட காசு வாங்குறது முறையில்லை" என்றார் டாக்டரம்மா. அக்கா எண்ணைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோயிற்று. நிலம் தப்பியது. நோய் பரவிவிட்டதால் அவர் கணவருக்கு ஆபரேஷன் செய்ய இயலவில்லை. கீமோதெரபியும் வலிக்கு மருந்தும் நடக்கின்றன. வலி அடங்கியதில் மனிதர் இப்போது இரவில் தூங்குகிறார்.

கட்டி பரவுமுன் ஆபரேஷன் செய்து எடுப்பதுதான் இன்று குணமாக உள்ள வழி. ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகி மலம் வெளுத்துப்போவது.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுவது.

காரணமில்லாமல் பசி குறைந்து உடம்பு இளைப்பது.

ஐம்பது வயதுக்குமேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, கூடவே எடையும் குறைவது.

இவை வேறு காரணத்தாலும் வரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கஷாயம் போட்டுக் கொடுத்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சிறு வயதிலேயே கணையத்தில் கல் சேரும் ஒரு அழற்சி நோய் உண்டு. அது இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அவர்கள் விடாமல் டாக்டரிடம் காட்டிவர வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதையும், தட்டில் சோறு மீதமாவதையும் முதலில் பார்ப்பவர்கள் நாம்தானே! பார்த்த அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.