முத்தும் வடுவும்

மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கேட்க இனிமையான கதைதான். ஆனால் உண்மையில் நடப்பது வேறு. சிப்பிக்குள் ஒரு சிறு புழுவோ வேறெதுவோ புகுந்து அதன் மென்மையான சதையைப் புண்ணாக்குகிறது. ஓட்டின் உட்புறத்துக்குப் பளபளப்பைக் கொடுக்கும் அதே சதை, உறுத்துகிற பொருளைச் சுற்றிப் படலத்தின் மேல் படலமாகப் பூசிக்கொண்டே போகிறது. பட்ட காயத்துக்குச் சிப்பி போட்டுக்கொண்ட காப்புத்தான் முத்து. 1973இல் தூத்துக்குடிக்கு அருகே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை விளைவித்துக் காட்டியபோது செய்ததும் இதுவே. சிப்பியைக் கீறி, ஒரு மணியையும் வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்தார்கள்.

மனிதத் தோலுக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. சிலருக்குப் புண் ஆறிய பிறகும் தோல் ஓய்வதில்லை. காயத்தின் எல்லையைத் தாண்டித் தழும்பு தடித்து வளர்கிறது. மருத்துவர்கள் இதைக் கீலாய்டு என்கிறார்கள். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நண்டு கால் பரப்புவதுபோல் பக்கங்களில் படர்வதால் அப்படி வைத்தார்கள். மார்பு, தோள், காது ஆகிய இடங்களில் அதிகம். நம்மைப் போன்ற கறுத்த மேனிக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். தொற்றுநோயும் அல்ல, புற்றுநோயும் அல்ல.

தூத்துக்குடியில் எனக்கு உறவான ஒரு பெண், காதின் மேல்மடலில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டாள். புண் ஆறிய இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஒன்று எழும்பி, நெல்லிக்காய் அளவாயிற்று. ஓயாத அரிப்பு வேறு. கண்ணேறு என்றார் ஒருவர். கட்டி என்றார் இன்னொருவர். யாரோ ஒருவரிடம் போய் அறுத்துவிட்டு வந்தார்கள். சில மாதங்களில் முன்னிலும் பெரிதாக வளர்ந்துவிட்டது. வெறுமனே அறுத்துவிட்டால் பெரும்பாலும் இப்படித்தான் திரும்பி வரும். தழும்புக்குள்ளேயே மருந்து ஊசி போட வேண்டும்; அறுத்தாலும் ஊசியோ, அழுத்திப் பிடிக்கும் கிளிப்போ, வேறு சிகிச்சையோ தொடர வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இதற்கிடையில் பெண் பார்க்க வந்தார்கள். வந்த அம்மாள் அவள் தோட்டிலிருந்த முத்தைப் பார்த்து, "அசல் தூத்துக்குடி முத்தா?" என்று ஆவலாகக் கேட்டாள். அது பாட்டி காலத்து முத்து. 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அம்மாளின் பார்வை இரண்டு விரற்கடை மேலே போயிற்று. அதோடு பேச்சு நின்றது, சம்பந்தமும் நின்றது.

சிப்பியின் வடுவுக்கு விலை கேட்டவள், பெண்ணின் வடுவைக் கண்டு முகம் சுளித்தாள். இரண்டும் காயத்தை மூட உடம்பு செய்த வேலைதான்.

அந்தப் பெண் இப்போது ஊசி போட்டுக்கொள்கிறாள். வடு கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. "ஏட்டி, முடியை இழுத்துக் காதை மூடு" என்று தாயார் இன்னும் சொல்கிறாள். அவள் மூடுவதில்லை.