அக்காவின் நெய்

அத்தான் முதுகுவலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர் சொன்னது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "அவர் உடம்பு பெருத்ததாலயாடா? நான் ஊற்றின நெய்தான் காரணமா?"

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடிப் படித்தேன். கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லையாம். அதுவும் ஒரு சுரப்பி மாதிரிதான். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்த லெப்டின் அங்கிருந்துதான் சுரக்கிறது. உடம்பு பெருத்தால் லெப்டின் கூடும். அடிபோநெக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் குறையும். அது குறைந்தவர்களுக்கு மைலோமா வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களில் மைலோமாவையும் சேர்த்தது.

ஆனால் வாய்ப்பு வேறு, காரணம் வேறு. ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது. குண்டானவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. "ஒருத்தருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதுக்கா. நெய் மேல் பழி போடாதே" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் இப்போது தினமும் நடக்கிறேன். உங்களுக்கு ஒன்று சொல்வேன்: முதுகுவலி விடாமல் இருந்தால், தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.