வீட்டு வரிச் சீட்டு

ஆண்டுக்கு இருமுறை வீட்டு வரிச் சீட்டு வரும். இடைநிலைப்பள்ளிக்குப் போன நாளிலிருந்து, மலாயில் இருப்பதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வது என் வேலை. சென்ற விடுமுறையில் பிறைக்குப் போனபோது கேட்டார்:

"இந்தக் காச எதுக்குச் செலவு பண்றதுன்னு யாருய்யா முடிவு பண்றது?"

"மன்ற உறுப்பினருங்க, பாட்டி."

"அவங்களுக்கு நாம எப்ப ஓட்டுப் போட்டோம்?"

போட்டதே இல்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஆனால், பாட்டியின் அப்பா தீவில் ஓட்டுப் போட்டவர். 1957இல் மாநகரான ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், நம்மவர். (இதை நான் எந்தப் பாடநூலிலும் படித்த நினைவில்லை!) இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. 2019இல் செபராங் பிறை மாநகரானது. அப்போதும் நமக்கு வாக்குச்சீட்டு இல்லை.

2012இல் அம்பாங் ஜாஜார் அடுக்குமாடியில் ஒரு முன்னோட்டத் திட்டம் நடந்தது. பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். இதைப் பாட்டியிடம் சொன்னேன்.

"நம்ம புளோக்குக்கு எப்ப வருவாங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் சுருக்குப் பையை அவிழ்த்து வெள்ளியை எண்ணத் தொடங்கினார்.