"மிஸ், இது எதை அளக்கிற மீற்றர்?"

நிரலுக்குள் எழுதப்படும் கொமென்ற்றைக் கணினி வாசிப்பதில்லை. அந்த வரி வந்ததும் தாண்டிப் போய்விடும். பின்னால் வரப்போகிற இன்னொரு ஆளுக்காக எழுதி வைத்த குறிப்பு அது. ஆகவே அதில் எழுத்துப்பிழை இருந்தாலும் ஒன்றும் உடையாது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நான் அனுப்பிய திருத்தங்களில் முக்கால்வாசி இப்படியான பிழைகள்தான் எண்டு சொன்னால், கூட வேலை செய்யிற அண்ணா ஒருத்தர் சிரிப்பார். "தங்கச்சி, நீ டெவலப்பரா, புறூஃப் ரீடரா?"

அவர் சிரிப்பதிலும் கொஞ்சம் ஞாயம் இருக்கு. 2020 ஒக்ரோபரில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹக்ரோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் அப்போது நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு ரீ-சேட் கிடைத்தது. அதற்காக, முன்பின் தெரியாத திட்டங்களின் முகப்புக் கோப்புகளில் தேவையில்லாத ஒரு பெயரடையைச் செருகி அனுப்பிய கூட்டம் ஒன்று கிளம்பியது. பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள். கடைசியில், விரும்பிச் சேரும் திட்டங்களில் செய்தால் மட்டுமே கணக்கு எண்டு விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எழுத்துப்பிழை திருத்துகிறேன் எண்டு வருகிற எல்லோரையும் ரீ-சேட் பார்ட்டியாகப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அண்ணாவுக்கு நான் டொனால்ட் நூத் பற்றிச் சொல்லுவேன். தன் புத்தகங்களில் பிழையை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 2.56 டொலர் காசோலை அனுப்பியவர். அச்சுப்பிழைக்கும் அதே 2.56தான். அண்ணா அசைய மாட்டார்.

என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பது நூத் இல்லை, மூதூரிலிருந்து வருகிற ஒரு பெடியன். சனிக்கிழமைகளில் உட்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் நாலைந்து பேருக்கு பைதன் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நாள் அவன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். "மிஸ், இது எதை அளக்கிற மீற்றர்?"

அவன் வாசித்துக்கொண்டிருந்த கையேட்டில் 'டிலிமிற்றர்' என்ற சொல் வருகிறது. ஒரு தரவையும் அடுத்த தரவையும் பிரிக்கிற குறி, காற்புள்ளி மாதிரி. எழுதியவர் நடுவில் 'ஐ' வரவேண்டிய இடத்தில் 'ஈ' போட்டுவிட்டார். சொல்லின் வால் மீற்றர் ஆகிவிட்டது. அகராதியில் தேடியிருக்கிறான், இல்லை. பிறகு தானாகவே யோசித்திருக்கிறான்: ஸ்பீடோமீற்றர், தேர்மோமீற்றர், அப்ப இதுவும் ஏதோ அளக்கும். கொப்பியில் சிவப்புப் பேனையால் 'ஒருவகை அளவி' எண்டு எழுதியும் வைத்திருந்தான். ஒரு பின்னேரம் முழுக்க அதோடு போயிருக்கு.

ஆங்கிலத்தோடு பிறந்து வளர்ந்த ஒருவர் அந்தப் பிழையைக் கண்டே இருக்கமாட்டார், கண் தாண்டிப் போயிருக்கும். இரண்டாம் மொழியாகப் படித்தவருக்குத்தான் அது சுவர். அவருக்கு அகராதியும் தேடுபொறியும்தான் துணை. இரண்டுக்கும் கொடுக்க அவரிடம் இருப்பது அந்தப் பிழையான சொல் மட்டும். தேடுபொறியாவது சில வேளை ஊகித்துக்கொள்ளும். எங்கட பிள்ளையள் வைத்திருக்கிற பொக்கெற் அகராதி ஊகிக்காது.

நிரல் எங்கே போய்ச் சேரும் எண்டு எழுதுகிறவருக்குத் தெரியாது. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் அவசர அவசரமாக எழுதிய 'சகானா' மென்பொருளை எடுங்கள். காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் பதிய வைப்பதற்கானது. எங்கள் கடற்கரையும் அழிந்த அந்த நாட்களில் உருவான நிரல், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெயிட்டிக்கும் போனது. இடையில் 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. இங்கே எழுதியவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, அங்கே பிரித்துப் பார்த்தவர்கள் பலருக்கும் அப்படித்தான்.

ஆனால் எல்லாவற்றையும் திருத்தவும் கூடாது. இணைய உலாவி ஒரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்று சொல்லுகிற தலைப்புக்கு 'ரெஃபரர்' எண்டு பெயர். நடுவில் இரண்டு 'ஆர்' வரவேண்டும், ஒன்றுதான் இருக்கு. 1996இல் எச்.ரி.ரி.பி.யின் முதல் ஆவணத்திலேயே அப்படிப் பதிவாகி, உலகத்தின் எல்லா சேர்வர்களும் அந்தப் பிழையையே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. இனி அதுதான் சரி. பிறகு வந்த 'ரெஃபரர் பொலிசி'யில் இரண்டு 'ஆர்' உண்டு, ஆக இன்று இரண்டு விதமும் ஒரே பக்கத்தில் குடும்பம் நடத்துகின்றன. யுனிக்ஸில் கோப்பை உருவாக்கும் முறைமை அழைப்பின் பெயரில் கடைசி 'ஈ' இல்லை. யுனிக்ஸைத் திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள் எண்டு கேட்டதற்கு, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம் கென் தொம்சன்.

அதனால் என் வழக்கம் இது: குறிப்பிலும் கையேட்டிலும் இருந்தால் திருத்துவேன், மாறியின் பெயரில் இருந்தால் முதலில் கேட்பேன். கோட்ஸ்பெல் போன்ற கருவி ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றித் தரும், ஆனால் வரிக்கு வரி பார்க்காமல் அனுப்புவதில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'கலர்' எண்டு எழுதும்போது 'யூ' போட்டுத்தான் படித்தோம், அமெரிக்கர் போடுவதில்லை. அதைத் தொடவே மாட்டேன். அது பிழை இல்லை, வேறு ஊர்.

தமிழுக்கு வந்தால் இந்தக் கோடு இன்னும் மெல்லியது. நான் 'கொமென்ற்' எண்டு எழுதுகிறேன், சென்னைத் தோழி 'கமென்ட்' என்பாள். இங்கே பலர் தரவிறக்கம் என்கிறோம், அங்கே பதிவிறக்கம். இதில் திருத்த ஒன்றுமில்லை. உண்மையான பிழைகள் பல கண்ணுக்கே தெரியாதவை. 'ஔ' வரவேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், தேடினால் அகப்படாது. 'ஸ்ரீ' இன்னும் மோசம். 2005இல் யுனிகோடில் தனி 'ஶ' சேர்ந்த பிறகு அதை இரண்டு விதமாகத் தட்டலாம். பல எழுத்துருக்களில் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. (1950களில் வாகன இலக்கத்தகட்டுச் சிங்கள ஸ்ரீக்குத் தார் பூசின நாட்டில், இந்த எழுத்து இன்னும் தொல்லை தருகுது.)

துறைமுகப் பக்கம் ஒருக்கா நடந்து பாருங்கள். மூன்று மொழிப் பலகைகளில் தமிழ் வரியில் மட்டும் கொம்போ புள்ளியோ இடம் மாறி நிற்கும். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. பலகையில் திருத்தம் அனுப்ப ஒரு பொத்தான் இல்லை. கடிதம் எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். மென்பொருளில் அந்தப் பொத்தான் இருக்கு. அதனாலயே கை அங்கே போகுது.

மூதூர்ப் பெடியன் இப்போது ஒரு செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்க்கிறான். மாவட்டப் பட்டியலில் 'திருகோணமலை', உதவிப் பக்கத்தில் 'திருக்கோணமலை'. எது பிழை மிஸ் எண்டு கேட்டான். இரண்டும் ஊரில் புழங்குது. 'திரு' என்று பிரித்தால் 'க்' மிகும், முக்கோணம் என்கிற 'திரிகோணம்' எண்டு பார்க்கிறவர்கள் 'க்' போடமாட்டார்கள். ஒரே செயலிக்குள் ஏதாவது ஒன்றுதான் இருக்கவேண்டும், எதை வைப்பது எண்டு பராமரிப்பவரிடமே கேள் என்றேன். எழுதிப் போட்டிருக்கிறான். பதில் வந்ததா எண்டு நேற்றும் என் போனை வாங்கிப் பார்த்தான். வரேல்லை.